அமர்னாக் கற்களைப் படிப்பது எப்படி: முகத்தை விட்டு, சூரிய வட்டிலிருந்து தொடங்குங்கள்

அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவில் நீண்ட முகம், தடித்த உதடு, தொங்கும் வயிறு, பருத்த தொடை என்று ஒரு சிற்பம் நின்றால், பார்ப்பவர்கள் உடனே ‘அக்கெனாத்தன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். ஆனால் அது ஆட்சியின் எந்த ஆண்டுக் கல், அதில் செதுக்கியிருப்பது அரசனா அரசியா, யார் அதைச் சிதைத்தார்கள், அது அசலா போலியா என்று கேட்டால் முகம் பதில் சொல்லாது. பதில் சொல்லும் அடையாளங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. சித்திர எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் அவற்றைக் கண்ணால் பிடிக்கலாம். எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதற்கே இந்தக் கட்டுரை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆண்டுகள்

மூன்றாம் அமென்ஹோத்தெப்புக்கும் அரசி தீயேவுக்கும் பிறந்தவர் நான்காம் அமென்ஹோத்தெப். சுமார் கி.மு. 1353 முதல் 1336 வரை 17 ஆண்டுகள் ஆண்டார். 5-ஆம் ஆண்டு வாக்கில் பெயரை அக்கெனாத்தன் என்று மாற்றிக்கொண்டார். அதுவரை தலைமைத் தெய்வமாக இருந்த ‘அமூன்’ பெயரிலிருந்து போய் ‘ஆத்தன்’ வந்தது. ஆத்தன் என்பது வானில் தெரியும் சூரிய வட்டு. அதே ஆண்டில் மத்திய எகிப்தில், நைல் நதியின் கிழக்குக் கரையில், அதுவரை எந்தத் தெய்வத்துக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தைத் தலைநகராக அறிவித்தார். அந்த நகரின் பெயர் அக்கெத்தாத்தன். அரசன் பெயரோடு குழம்பக்கூடிய பெயர் என்பதால் இன்றைய பெயரான அமர்னா என்றே இங்கே எழுதுகிறோம். அரசனுக்குப் பிறகு ஓரிரு குறுகிய ஆட்சிகள். அடுத்து சிறுவன் துத்தன்காத்தன் பட்டத்துக்கு வந்து, துத்தன்காமூன் என்று பெயர் மாற்றிப் பழைய கோயில்களைத் திறந்தான். பின்னால் வந்த ஹோரெம்ஹெப் ஆத்தன் கோயில்களை இடித்தார்.

எல்லாம் ஒரே நாளில் மாறியதாக நினைப்பதுதான் தொடக்கத்தில் விழும் முதல் பள்ளம். ஜெபெல் எல்-சில்சிலா கல்குவாரியில் இவரது ஆட்சித் தொடக்கப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் அரசன் அமூனுக்குத்தான் காணிக்கை கொடுக்கிறார். கீழே உள்ள வாசகமோ இன்றைய லக்சரில் உள்ள கர்னாக் கோயில் வளாகத்தில் சூரியனுக்காகப் பெரிய பென்பென் என்ற புனிதக் கல் எழுப்ப ஆள் திரட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. பழையதும் புதியதும் ஒரே பலகையில். அதனால் ஒவ்வொரு கல்லிடமும் ‘நீ இந்த மாற்றத்தின் எந்தக் கட்டம்?’ என்றுதான் கேட்க வேண்டும்.

முதல் படி: வட்டைத் தேடுங்கள்

மனித உருவங்களை விட்டுவிட்டு, கல்லின் மேற்பகுதியைப் பாருங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்.

மனித உடலும் பருந்துத் தலையும், தலைமேல் சூரியனுமாக ஒரு தெய்வம் நின்றால் அது ரா-ஹோரக்தி. அருகே நான்காம் அமென்ஹோத்தெப்பின் பெயர் இருந்தால், ஆட்சியின் முதல் ஓரிரு ஆண்டுகள். ஆத்தனும் தொடக்கத்தில் இந்த வடிவில்தான் காட்டப்பட்டது.

வெறும் வட்டு, அதன் அடியில் படமெடுத்த நாகம், வட்டிலிருந்து கீழே விரியும் கதிர்கள், ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சிறு கை என்றிருந்தால் அது புதிய வடிவம். இதுவே அமர்னாவின் முத்திரை. அந்தக் கைகளை விரல்விட்டுப் பின்தொடருங்கள். சில கைகள் படையல்மேல் இறங்கும், சில உடலைத் தொடும். வாழ்வின் குறியான அங்க் சின்னத்தை மட்டும் அரசன், அரசி இருவரின் மூக்கருகேதான் நீட்டும். பக்கத்தில் குனிந்து நிற்கும் அமைச்சருக்கோ பணியாளருக்கோ அது கிடைக்காது. புதிய சமயத்தின் கட்டமைப்பே இதில் இருக்கிறது: ஆத்தனை நேரே அணுகும் உரிமை அரச குடும்பத்துக்கு; மற்றவர்கள் அரசனை வணங்கி அதன் வழியாகப் பெற வேண்டும். உடைந்த துண்டில் முகமே இல்லாவிட்டாலும், மூக்கிருந்த இடத்தருகே அங்க் பிடித்த கை இருந்தால் அங்கே நின்றது அரச குடும்பம் என்று எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இருபுறமும் இறக்கை விரித்த சூரியன். கோயில் வாசல்களின் மேல் எங்கும் காணப்படும் பழைய சின்னம் இது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதையும் ஆத்தன் என்று எழுதிவிடுகிறார்கள். கதிர்க்கை இல்லையென்றால் அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: ஆத்தனின் பெயர் வளையங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். காலம் கணிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

எகிப்தில் அரசர்களின் பெயரை நீள்வட்டக் கயிறு போன்ற கோட்டுக்குள் எழுதுவார்கள். இங்கே ஒரு தெய்வத்தின் பெயர் அப்படி எழுதப்படுகிறது, அதுவும் இரண்டு வளையங்களில். ஆத்தன் வானத்து அரசன் என்பதுதான் செய்தி. முதல் சில ஆண்டுகளில் இந்தப் பெயர் வளையம் இல்லாமல் வந்தது. 3-ஆம் ஆண்டு வாக்கில் வளையத்துக்குள் போனது. வளையங்கள் பெரும்பாலும் வட்டின் பக்கத்தில் தடித்த கோட்டோடு நிற்கும். அரசன், அரசியின் வளையங்கள் அவற்றைவிடச் சிறியவை. கதிர்கள், படையல் மேசை, ஏன் அரசனின் மார்பும் தோளும்கூட இந்தப் பெயரைத் தாங்கி வரும்.

உள்ளே நீங்கள் தேட வேண்டியது நான்கே குறிகள். முதல் வளையத்தில் தலைமேல் சூரியனோடு ஒரு பருந்து, இரண்டாவதில் ஒற்றை இறகு இருந்தால் அது முந்தைய பெயர். ‘அடிவானத்தில் மகிழும் ரா-ஹோரக்தி, ஆத்தனில் உள்ள ஒளியாகிய ஷூ என்ற தன் பெயரில்’ என்பது அதன் பொருள். பருந்தும் இறகும் காணாமல், முதல் வளையத்தில் மேய்ப்பன் கோல் போல் வளைந்த தடியும், இரண்டாவதில் இரண்டு கால் முளைத்து நடக்கும் நாணல் இலையும் இருந்தால் அது பிந்தைய பெயர். ஹோரஸ், ஷூ என்ற பழைய தெய்வப் பெயர்கள் கழன்று, ராவும் ஆத்தனும் மட்டும் நிற்கிறார்கள். இந்த மாற்றம் ஆட்சியின் 8-ஆம் ஆண்டுக்கும் 14-ஆம் ஆண்டுக்கும் நடுவே நடந்தது. பருந்து இருந்தால் அதற்கு முன், கோல் இருந்தால் அதற்குப் பின் என்று துணிந்து எழுதலாம்.

கவனிக்க ஒன்று உண்டு. முந்தைய பெயர் வெட்டிய கல்லில் பிறகு வந்து பிந்தைய பெயராகத் திருத்திய இடங்களும் இருக்கின்றன. வளையத்துக்குள் பள்ளம் சீராக இல்லாமல், குறிகளின் அடியில் வேறு கோடுகளின் நிழல் தெரிந்தால் இரண்டு கட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கெனாத்தனின் அரசி நெஃபர்ட்டிட்டியின் வளையமும் ஒரு சுவையான விஷயம். அவருக்கு நெஃபர்நெஃபரூவாத்தன் என்ற நீண்ட பெயர் சேர்ந்த பிறகு, அதில் ‘ஆத்தன்’ என்ற பகுதி மட்டும் மற்ற எழுத்துகளுக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். கடைசியில் அமர்ந்திருக்கும் அரசி உருவத்தை ஆத்தன் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை இது. எழுத்தர் தவறிச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்றாம் படி: மகள்களை எண்ணுங்கள்

அக்கெனாத்தனுக்கும் நெஃபர்ட்டிட்டிக்கும் ஆறு மகள்கள்: மெரித்தாத்தன், மெக்கெத்தாத்தன், அங்கெசென்பாத்தன், சிறிய நெஃபர்நெஃபரூவாத்தன், நெஃபர்நெஃபரூரே, செத்தெப்பென்ரே. பிறப்பு வரிசையும் இதுவே. ஒரு காட்சியில் மூன்றாமவள் இருந்தால் அவள் பிறந்த பிறகு செதுக்கியது என்பது உறுதி. அமர்னாவில் இரண்டாம் மெரீரே என்ற அலுவலரின் கல்லறையில், 12-ஆம் ஆண்டில் அயல்நாட்டுத் திறை வந்து சேரும் பெரிய விழாவில் ஆறு பேரும் இருக்கிறார்கள்.

மறுபக்கமாக இதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே மகள்தான் தெரிகிறாள், ஆகவே ஆட்சியின் தொடக்கம் என்று சொல்ல முடியாது. இடம் போதாமல் ஒருத்தியோடு நிறுத்தியிருக்கலாம். மகள்களின் எண்ணிக்கை ‘இதற்கு முன் இல்லை’ என்ற எல்லையை மட்டும்தான் தரும்.

நான்காம் படி: உடல்

இப்போது உருவத்துக்கு வரலாம். எகிப்தியச் சிற்பிகள் சுவரில் கட்டம் போட்டுத்தான் உருவம் வரைந்தார்கள். வழக்கமாக நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். அமர்னாவில் அது 20 ஆனது. கூடுதல் கட்டங்கள் உடற்பகுதிக்கும் அதற்கு மேலே கழுத்து, முகப் பகுதிக்கும் போயின, கால்களுக்குப் போகவில்லை. மேலுடல் நீண்டு, கால் குட்டையாகத் தெரிவதன் காரணம் இதுதான். ‘நோய்வாய்ப்பட்ட உடல்’ என்று நூறாண்டுக்கு மேலாக எழுதப்படுவதில் பாதி, கட்டம் மாறியதன் விளைவு. அரசியும் மகள்களும் அரண்மனை அலுவலர்களும் அதே சாயலில் செதுக்கப்பட்டிருக்கும்போது, அத்தனை பேருக்கும் ஒரே நோயா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

சிறு அடையாளங்கள்தான் நம்பத்தக்கவை. தொப்புள் வட்டப் புள்ளியாக இல்லாமல் விசிறி போல் அகன்றிருக்கும். கழுத்தில் இரண்டு மடிப்புக் கோடுகள் இருக்கும். காது மடலில் துளை இருக்கும். விரல்கள் நீண்டு வளைந்திருக்கும். பாதத்தைக் குனிந்து பாருங்கள்: பழைய முறையில் இரண்டு பாதமும் உட்பக்கமாகவே, பெருவிரல் மட்டும் தெரியும்படி வரையப்படும், இரண்டும் இடது கால் போலவோ இரண்டும் வலது கால் போலவோ இருக்கும். அமர்னாவில், குறிப்பாக அரச குடும்பத்துக்கு, நமக்கு அருகிலிருக்கும் பாதத்தில் ஐந்து விரலும் தெரியும். எல்லாக் கல்லிலும் இது இருக்காது. இருந்தால் மதிப்புள்ள சான்று.

பாணியும் 17 ஆண்டுகளில் ஒரே மாதிரி இருக்கவில்லை. கர்னாக்கின் கிழக்குப் பகுதியில் 1925 முதல் வெளிவந்த மணற்கல் பேருருவங்கள் ஆட்சியின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. சப்பிய கண், தொங்கிய தாடை என்று மிகைப்படுத்தலின் உச்சம் அங்கேதான். அமர்னாவின் பிற்பகுதியில் சிற்பி துத்மோசின் பட்டறையிலிருந்து வந்தவை மென்மையானவை. 1912 டிசம்பர் 6-இல் ஜெர்மன் ஆய்வாளர் லுட்விக் போர்ஹார்ட்டின் குழு அந்தப் பட்டறையில் எடுத்த நெஃபர்ட்டிட்டி மார்பளவுச் சிலை சுண்ணாம்புக்கல் உள்ளுடல்மேல் சாந்து பூசி வண்ணம் தீட்டியது. மிகைப்படுத்தல் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு ‘இது அமர்னாப் பாணியே இல்லை’ என்று சொல்பவர்கள் கர்னாக் சிலைகளை மட்டுமே அளவுகோலாக வைத்திருப்பவர்கள்.

சிற்பிகள் தாங்களாகவே இப்படிச் செதுக்கவில்லை. தலைமைச் சிற்பி பெக், அஸ்வான் பாறையில் தன்னை ‘மன்னரே கற்பித்த சீடன்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அதே பாறையில் அவருடைய தந்தை மென், முந்தைய அரசன் மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் சிலைக்கு முன் நிற்கிறார். தகப்பன் பழைய பாணிக்காரர், மகன் புதிய பாணிக்காரர்.

ஐந்தாம் படி: உளித் தழும்புகள்

சிதைந்த இடத்தைக் கடந்து போகாதீர்கள். யாருடைய உளி என்று தெரிந்தால் பாதி வரலாறு தெரிந்துவிடும். குறைந்தது மூன்று கைகள் இந்தக் கற்களில் வேலை செய்திருக்கின்றன.

முதலாவது அக்கெனாத்தனின் ஆட்கள். இவர்கள் பழைய நினைவுச் சின்னங்களில் ஏறி அமூனின் பெயரைத் தேடித் தேடிக் கொத்தினார்கள். உயர்ந்த தூபிகளின் நுனியைக்கூட விடவில்லை. அமூனின் பெயரில் மூன்று குறிகள்: நாணல் இலை, மேலே காய்கள் அடுக்கிய ஆட்டப் பலகை, அலையலையான நீர்க்கோடு. சுற்றியுள்ள எழுத்தெல்லாம் முழுசாக இருக்க, இந்த மூன்று நின்ற இடம் மட்டும் கொத்தியிருந்தால் அது இவர்கள் வேலை. அமென்ஹோத்தெப் என்று தன் தந்தையின் பெயரில் இருந்த அமூனும் தப்பவில்லை. அமூனின் துணைவி மூத், சில இடங்களில் ‘தெய்வங்கள்’ என்ற பன்மைச் சொல் ஆகியவையும் அடிபட்டன. பிற்காலத்தில் அமூனை மறுபடி எழுதினார்கள். அந்த இடம் சுற்றுமட்டத்தைவிடச் சற்றுக் குழிந்து, எழுத்துகள் புதுக்கருக்கோடு இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, அக்கெனாத்தன் காலத்திலேயே நடந்த திருத்தம். அவருக்குக் கியா என்று இன்னொரு மனைவி உண்டு. ஒரு கட்டத்தில் அவருடைய உருவங்களை இளவரசிகளாக மாற்றி, பெயரிருந்த இடத்தில் மெரித்தாத்தன் போன்றோரின் பெயரை வெட்டினார்கள். கூந்தல் அலங்காரத்தையும் மாற்றியிருப்பதால், மண்டை மிகையாக நீண்டது போலத் தோன்றும். நைலின் எதிர்க்கரை ஊரான அஷ்முனைனில் கிடைத்த அமர்னாக் கற்களில் இப்படிப்பட்டவை பல. அழித்த இடத்தைக் கண்டதும் எதிரிகள் செய்தது என்று முடிவு கட்டினால் இங்கே தவறிவிடும்.

மூன்றாவது, பின்னால் வந்தவர்கள். இவர்கள் குறி வைத்தது அக்கெனாத்தனின் பெயரையும் முகத்தையும். மன்னர்களின் பள்ளத்தாக்கில் 1907-இல் திறந்த 55-ஆம் எண் கல்லறையின் பொன்முலாம் சவப்பெட்டியில் முகத்தின் பொற்றகடு பிய்க்கப்பட்டிருக்கிறது. வளையங்களுக்குள் இருந்த பெயர் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அபிதோசில் முதலாம் சேத்தியின் அரசர் பட்டியல் மூன்றாம் அமென்ஹோத்தெப்பிலிருந்து ஒரே தாவலில் ஹோரெம்ஹெப்புக்குப் போகிறது.

கல்லின் அளவு

சுவர்த் துண்டாக இருந்தால் அளவைக் குறியுங்கள். சுமார் 52 செ.மீ. நீளம், 26 செ.மீ. உயரம், 24 செ.மீ. ஆழம் என்றால் அது தலத்தாத்: நீளம் ஒரு எகிப்திய முழம், மற்றவை அரை முழ அளவு. பெரிய கற்களை இழுக்க ஆள்படையும் சறுக்குக் கட்டையும் வேண்டும். இதை ஒருவர் தோளில் வைத்துக் கொண்டுபோகலாம். கோயில்கள் விரைவாக எழும்ப இது உதவியது. இடிப்பதும் அதே அளவு சுலபமானது. ஹோரெம்ஹெப் கர்னாக்கின் 2, 9, 10-ஆம் கோபுரவாயில்களுக்குள் இந்தக் கற்களை நிரப்பினார். ஆத்தனை மறைக்கச் செய்த வேலை பல்லாயிரம் கற்களை வண்ணத்தோடு காப்பாற்றித் தந்துவிட்டது!

சிற்பம் பெரும்பாலும் கல்லின் மட்டத்துக்கு உள்ளே குடைந்து செதுக்கியிருக்கும். ஆத்தன் கோயில்களுக்குக் கூரை கிடையாது. வெயில் நேரே விழும் இடத்தில் குடைந்த கோட்டின் நிழல்தான் உருவத்தைத் தெளிவாக்கும். அருங்காட்சியகத்தின் நேர் வெளிச்சத்தில் அது தட்டையாகிவிடும். படம் எடுப்பதானால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒளி பக்கவாட்டில் விழும் கோணத்துக்கு நகருங்கள்.

எங்கே சறுக்கும்

சாந்தை மறந்துவிடுவது முதல் சறுக்கல். அமர்னாப் பாறை பல இடங்களில் தரமற்றது. பிளவுகளை ஜிப்சம் சாந்தால் நிரப்பி, அதன்மேல் நுட்ப வேலை செய்தார்கள். சாந்து உதிர்ந்த பிறகு ஆழமாக வெட்டிய கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து ‘எவ்வளவு கோரமான வடிவம்’ என்று எழுதுவது சிற்பிக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது, நாடே ஆத்தனுக்கு மாறிவிட்டதாக எடுத்துக்கொள்வது. அமர்னா வீடுகளிலேயே குள்ளத் தெய்வம் பெஸ், நீர்யானை வடிவத் தவெரெத் ஆகியோரின் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன. பிரசவத்துக்கும் குழந்தைக்கும் காவல் வேண்டியவர்கள் அரசனின் கொள்கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2006 முதல் தோண்டிய எளிய மக்களின் இடுகாட்டு எலும்புகளில் சத்துக்குறைவும் சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பும் தெரிகின்றன. சுவரில் குவிந்த படையலையும் இந்த எலும்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாணியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் போல்ட்டன் அருங்காட்சியகமே சாட்சி. 2003-இல் 4,40,000 பவுண்டு கொடுத்து ‘அமர்னா இளவரசி’ என்று ஒரு தலையில்லாச் சிறுசிலையை வாங்கினார்கள். துணைச் சான்றாக 1892-ஆம் ஆண்டு ஏலப் பட்டியல் காட்டப்பட்டது. வளைந்த இடுப்பு, பருத்த தொடை, மெல்லிய மடிப்பு ஆடை எல்லாம் பாடப்புத்தகம் போல இருந்தன. சிலை நம் காலத்தில் செய்த போலி. போலி செய்பவருக்கு மிகச் சுலபமாகக் கைவருவது பாணிதான்.

எங்கே பழகுவது

லக்சரில் தொடங்குங்கள். லக்சர் அருங்காட்சியகத்தில் தலத்தாத் கற்களைப் பொருத்தி எழுப்பிய சுவர் ஒன்று நிற்கிறது. கதிர்க்கைகளைப் பின்தொடர நல்ல இடம். மேற்குக் கரையில் அமைச்சர் ராமோசின் கல்லறை, தேபஸ் கல்லறை எண் 55 (மேலே சொன்ன சவப்பெட்டிக் கல்லறையோடு எண்ணால் குழப்பிக்கொள்ள வேண்டாம்). உள் வாசலின் இடப்பக்கம் அரசன் பழைய பாணியில், உண்மையின் தெய்வமான மாத்தோடு வீற்றிருக்கிறார். வலப்பக்கம் அதே அரசன் புதிய பாணியில், நெஃபர்ட்டிட்டியோடு ஆத்தனின் கைகளுக்குக் கீழே. ஒரு வாசலுக்கு இருபுறமும் இரண்டு உலகம். முதலில் தொப்புளையும் கழுத்தையும் ஒப்பிடுங்கள். மையால் வரைந்து செதுக்காமல் விட்ட உருவங்களும் அங்கே உண்டு.

அமர்னாவுக்குக் கடைசியாகப் போங்கள். நகரில் தரைமட்டச் செங்கல் கோடுகளைத் தவிர அதிகம் இராது. பார்க்க வேண்டியவை பாறைக் கல்லறைகள். வடக்குக் குழுவில் ஹூயா, இரண்டு மெரீரேக்கள், பனெஹெசி. தெற்கில் ‘ஆய்’ என்ற அலுவலரின் கல்லறை, ஆத்தன் பெருந்துதி 13 பத்திகளாகச் செதுக்கப்பட்ட இடம். கைவிளக்கு கட்டாயம். சுவரின் நேர் எதிரே பிடிக்காமல் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள்.

ஒரு பயிற்சி

துத்தன்காமூனின் பொன் சிம்மாசனத்தின் முதுகுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அது கீசாவின் கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தில் இருக்கிறது. படங்கள் எங்கும் கிடைக்கும். முதல் படியில் கதிர்க்கை வட்டு இருக்கிறது, அரச தம்பதியின் முகத்துக்கு நேரே அங்க் நீளுகிறது. இரண்டாம் படியில் வட்டின் அருகே ஆத்தனின் வளையங்கள்: பருந்தைத் தேடுங்கள், கோலைத் தேடுங்கள், எந்தப் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். நான்காம் படியில் தளர்ந்த வயிறும் சாய்ந்து உட்காரும் இயல்பும் அமர்னாவுடையவை. இத்தனையும் சேர்த்து ‘அக்கெனாத்தன் காலம்’ என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் சிம்மாசனத்தில் உள்ள அரசனின் பெயர்களைப் பாருங்கள்: துத்தன்காத்தன் என்றும் இருக்கிறது, துத்தன்காமூன் என்றும் இருக்கிறது. அக்கெனாத்தன் இறந்த பிறகு செய்தது; ஆத்தன் இன்னும் இறங்கிப்போகவில்லை, அமூன் ஏற்கெனவே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. குறிப்பேட்டில் காலம் என்ற கட்டத்தில் ஒரே ஆண்டை எழுதாமல் ‘துத்தன்காத்தனிலிருந்து துத்தன்காமூன் வரை’ என்று எழுதுங்கள்.